நீச்சல் குளம் கட்டும் முன் கார்த்திகை மாதத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள்

வீட்டில் நீச்சல் குளம் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் டைல்ஸ் படத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நீலமா பச்சையா என்பதைக் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தெரிய வேண்டியது, கார்த்திகை, மார்கழியில் உங்கள் மனையில் நிலத்தடி நீர் எந்த மட்டத்துக்கு ஏறி வருகிறது என்பதுதான். அக்கம்பக்கத்துக் கிணற்றில் மழைக்காலத் தண்ணீர் நின்ற கறை தெரியும். அதை அளந்துகொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், குளம் உடைவது பெரும்பாலும் தண்ணீர் நிறைந்திருக்கும்போது அல்ல, காலியாக இருக்கும்போது. 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி தண்ணீர் நிற்கும் குளத்தை எடுத்துக்கொள்வோம். சுவரும் தரையும் 8 அங்குலக் கான்கிரீட் என்றால் மொத்த எடை சுமார் 24 டன். சுற்றியுள்ள மண்ணில் தண்ணீர் தரைமட்டம் வரை ஏறினால், அடியிலிருந்து மேலே தள்ளும் விசை கிட்டத்தட்ட 35 டன். கழுவுவதற்காக மார்கழியில் காலி செய்தால் குளம் படகு மாதிரி மிதக்கப் பார்க்கும். ஒரு முனை தூக்கும், குழாய்கள் ஒடியும், தரை வெடிக்கும். இந்தக் கணக்குப்படி நிலத்தடி நீர் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் வந்தாலே ஆபத்து. நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் சேரன்மகாதேவி, முக்கூடல், ஸ்ரீவைகுண்டம் போன்ற தாமிரபரணிப் பாசன ஊர்களில், வயலை ஒட்டிய மனைகளில் இது சாதாரணமாக நடக்கக்கூடியது.

இதற்கு இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். தரைக் கான்கிரீட்டைச் சுவருக்கு வெளியே நாலு பக்கமும் ஒரு அடி நீட்டிப் போடுங்கள். அதன்மேல் ஏறும் மண்ணின் எடையும் குளத்தைப் பிடித்துக்கொள்ள உதவும். அடுத்து, குளத்தின் ஓரத்தில் 6 அங்குல பிவிசி குழாய் ஒன்றைத் துளைகள் போட்டு, தரைக் கான்கிரீட்டுக்கு ஒரு அடி கீழே வரை செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் முக்கால் அங்குல ஜல்லி கொட்டுங்கள். மூடியைத் திறந்து கயிற்றில் கல் கட்டி விட்டால் வெளித்தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். தேவைப்பட்டால் சின்ன நீர்மூழ்கி மோட்டாரை அதிலேயே இறக்கி இறைக்கலாம். அடியில் அழுத்தம் ஏறினால் வெளித்தண்ணீரைக் குளத்துக்குள் விடுவதற்காகத் தரையில் வைக்கும் அழுத்த வால்வை மட்டும் நம்பாதீர்கள், வண்டல் மண்ணில் அது அடைத்துக்கொள்ளும்.

மண்ணைப் பொறுத்து வேலை மாறும். கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மழையில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அங்கே தரைக்குக் கீழே இன்னும் இரண்டு மூன்று அடி கரிசலை அள்ளிவிட்டு, சரள் மண்ணை 6 அங்குலம் 6 அங்குலமாகக் கொட்டி, நனைத்து இடித்து ஏற்ற வேண்டும். சுவருக்கு வெளியேயும் ஒரு அடிக்குச் சரள்தான், தோண்டிய கரிசலையே திருப்பித் தள்ளக் கூடாது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் குழியின் ஓரம் நிற்காது. சரிவாக அகலத் தோண்ட வேண்டும், ஆள் உள்ளே இருக்கும்போது ஜேசிபி கரையில் நிற்கக் கூடாது. பாறை தட்டும் இடத்தில் பாதித் தரை பாறையிலும் பாதி மண்ணிலும் உட்கார்ந்தால் நடுவில் விரிசல் உறுதி. பாறையை உடைக்கச் செலவழிப்பதைவிடக் குளத்தை இரண்டடி மேலே தூக்கிக் கட்டுவது நல்லது.

மாசி, பங்குனியில் கான்கிரீட் போடுவதுதான் தோது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைப் பக்கமிருந்தும் வீசும் மேல்காற்று, ஈரக் கான்கிரீட்டின் முகத்தை ஒரு மணி நேரத்தில் உலர்த்தி மயிர் விரிசல் விழ வைத்துவிடும். மேலே சொன்ன அளவுக்கு எம்25 என்ற வலிமைத் தரக் கான்கிரீட் 10 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும், சிமெண்ட் சுமார் 75 மூட்டை. 10 மி.மீ. கம்பியை 6 அங்குல இடைவெளியில் இரண்டு அடுக்காகக் கட்டினால் ஒரு டன் பக்கம் வரும். தரைக்கு வெளியே நீட்டும் ஒரு அடிக்கு இவற்றோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பிக் கணக்கைப் பொறியாளர்தான் உங்கள் மண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஒழுக்கு எங்கே வரும் என்றால், சுவரும் தரையும் சேரும் இடத்தில், பிறகு குழாய் நுழையும் இடத்தில். தரை போடும்போதே சுவரின் முதல் 6 அங்குல உயரத்தையும் சேர்த்து எழுப்பி, இணைப்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் பிவிசி வாட்டர் ஸ்டாப் பட்டை வையுங்கள். விளக்கு, குழாய் எல்லாவற்றையும் கம்பியோடு கட்டி நிறுத்திய பிறகே கான்கிரீட். பின்னால் உளி வைத்து ஓட்டை போட்டுச் சொருகிய குழாய் என்றைக்கும் கசியும்.

டைல்ஸுக்கு முன், வெளிப்புறம் மண் தள்ளுவதற்கும் முன், தண்ணீர் நிரப்பி ஏழு நாள் விடுங்கள். மட்டம் குறைந்தால் அது வெயிலா ஒழுக்கா என்று கண்டுபிடிக்க ஒரு வாளி போதும். குளத்தின் படியில் வாளியை வைத்து, உள்ளே குளத்து மட்டத்துக்கே தண்ணீர் ஊற்றி, உள்ளும் புறமும் பென்சிலால் கோடு போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயிலும் காற்றும் குடித்தது. வெளிக்கோடு அதிகம் இறங்கியிருந்தால் ஒழுக்கு. எந்த மட்டத்தில் வந்து இறக்கம் நிற்கிறதோ, அந்த உயரத்தில்தான் ஓட்டை இருக்கும்.

இந்தக் குளம் சுமார் 22,500 லிட்டர் பிடிக்கும். ஆறு மணி நேரத்தில் முழுத் தண்ணீரும் ஒரு சுற்று வடிகட்டப்பட வேண்டும் என்றால் மணிக்கு 3,750 லிட்டர். முக்கால் குதிரைத்திறன் மோட்டாரும் 20 அங்குல மணல் வடிகட்டியும் தாராளம். ஆற்று மணலைப் போடாதீர்கள், சலித்த சிலிக்கா மணல் வேண்டும். வடிகட்டி சுத்தமாக இருக்கும்போது அதன் அழுத்தமானி காட்டும் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். அதிலிருந்து அரை கிலோ (சதுர செ.மீ.க்கு) ஏறினால் எதிரோட்டம் கொடுத்துக் கழுவும் நேரம். மேலே மிதக்கும் குப்பையை வாங்கும் ஸ்கிம்மரைக் கிழக்குக் கரையில் வையுங்கள், திரும்பி வரும் தண்ணீரை மேற்கிலிருந்து விடுங்கள். மேல்காற்று வேப்பம்பூவையும் புளிய இலையையும் தானாகவே அங்கே கொண்டு சேர்க்கும்.

நம் போர் தண்ணீர் பல ஊர்களில் கடினத் தண்ணீர். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.8ஐத் தாண்டினால் டைல்ஸில் வெள்ளைப் படலம் ஏறும், 7.2க்கும் 7.6க்கும் நடுவில் வைத்திருங்கள். 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் 70 கிராம் இந்தக் குளத்துக்கு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) குளோரின் தரும். வெயிலில் குளோரின் சீக்கிரம் போய்விடும், அதனால் அந்திக்குப் பிறகு போடுங்கள். வாளித் தண்ணீரில் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. குளோரின் மாத்திரையையும் இந்தத் தூளையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் தீப்பிடிக்கும், அமிலத்தோடு சேர்த்தால் விஷவாயு. தனித்தனிக் கரண்டி, தனித்தனி அலமாரி.

மோட்டார் அறையைப் பள்ளத்தில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. அப்படி ஒரு நாளில் முதலில் மூழ்குவது பள்ளத்து மோட்டார்தான். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, தண்ணீருக்குள் 12 வோல்ட் விளக்கு, இவற்றில் சமரசம் வேண்டாம். அடியில் உறிஞ்சும் வாய் ஒன்றே ஒன்று இருந்தால் குழந்தையின் முடியோ உடம்போ அதில் ஒட்டிக்கொள்ளும். மூன்றடி இடைவெளியில் இரண்டு வையுங்கள். நாலடி வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் குளத்தின் பகுதி. பணம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று தள்ளுகிற சாமான் அல்ல.

தோட்டமும் பம்புசெட்டும் உள்ளவர்களுக்கு இவ்வளவும் தேவையா என்று கேட்டால், தேவையில்லை. பெரிய தொட்டியாகக் கட்டி, காலையில் நிரப்பி, பிள்ளைகள் குளித்த பிறகு மாலையில் வாழைக்கோ தென்னைக்கோ திறந்துவிடலாம். நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் மோட்டார் மூணே முக்கால் மணி நேரத்தில் நிரப்பிவிடும். தண்ணீர் தினமும் மாறுவதால் குளோரினும் வடிகட்டியும் வேண்டாம், வாரம் ஒருமுறை பாசியைத் தேய்த்துக் கழுவினால் போதும். ஆனால் தினமும் காலியாகும் தொட்டி என்பதால், தரைக்குக் கீழே இறக்காமல் மேலேயே கட்டுங்கள். திறப்புக் குழாய் 4 அங்குலம் இருக்கட்டும், வாய்க்கால் அதை வாங்குமா என்று தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.