கோகர்ணத்தில் அப்பா தொட்ட சுவாமி

தேவாரம் பாடிய தலங்களில் துளுவ நாட்டில், அதாவது கர்நாடகக் கடற்கரைப் பக்கம், இருப்பது ஒன்றே ஒன்றுதான், திருக்கோகர்ணம். சோழ நாடு, பாண்டி நாடு, தொண்டை நாடு என்று முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய்வந்த அப்பா, கேதாரம், கயிலையெல்லாம் நம்மால் ஆகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். கோகர்ணத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. நாங்கள் மாயவரம். பாஷை தெரியாது, வெகுதூரம், கையில் பணமும் இல்லை என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப் போகும். கேட்டால், "ஞானசம்பந்தரே காளத்தியில நின்னுக்கிட்டுத்தானே கோகர்ணத்தைப் பாடினாரு" என்பார். சேக்கிழார் அப்படித்தான் சொல்கிறார். அப்பா அதைத் தனக்கு ஓர் ஆறுதலாக வைத்திருந்தார்.

2022 பங்குனியில் அவருக்கு நெஞ்சில் பைபாஸ் அறுவை நடந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்துகொண்டு, "எழுந்து நடக்கட்டும், கோகர்ணத்துக்கு நானே கூட்டிட்டு வர்றேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எழுந்து நடந்தார். ஆனாலும் டாக்டர் பயணத்துக்குச் சரி என்று சொல்வதற்குள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்கடுத்த தையில்தான் நேரம் வாய்த்தது.

கோவையில் சித்தி வீட்டில் ஒருநாள் தங்கி, ராத்திரி வண்டியில் மங்களூர், அங்கிருந்து கொங்கண் ரயில். அப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை. முருடேஸ்வரம் வந்ததும், ராவணன் சிவனிடம் வாங்கிவந்த ஆத்மலிங்கத்தைப் போர்த்தியிருந்த துணி விழுந்த இடம் இதுதான் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஹொன்னாவரத்தில் ஷராவதி ஆற்றுப் பாலம் இரண்டு கிலோமீட்டர் நீளம். தண்ணீருக்கு நடுவே தென்னந்தோப்புத் திட்டுகள், ஓரத்தில் தோணிகள். அப்பாவின் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. "மாகடல்சூழ் கோகரணம் மன்னினானே" என்று ஒவ்வொரு பாட்டும் முடியும் அப்பர் திருத்தாண்டகம் அது.

ஊர் சின்ன ஊர். செம்மண் கல் சுவர், சாய்ந்த ஓட்டு வீடுகள், வாசலுக்கு வாசல் துளசி மாடம். ரத வீதி நேராகக் கடலில் போய் முடிகிறது. சிவராத்திரிக்கு ஓடும் பெரிய மரத்தேர் வீதியிலேயே நிற்கிறது. கழுத்து நிறைய மணிமாலை அடுக்கிய ஹாலக்கி இனத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்து பூவும் காய்கறியும் விற்கிறார்கள். பக்கத்திலேயே முதுகில் பெரிய பையோடு வெளிநாட்டுப் பிள்ளைகள். ஓம் வடிவத்தில் வளைந்த கடற்கரைக்குப் போகலாம் என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். எங்களுக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

விடியற்காலையில் கடலில் முழுக்கு. பூம்புகாரில் கடலுக்குள்ளிருந்து சூரியன் எழும்பிப் பார்த்தே பழகியவர் அப்பா. இங்கே சூரியன் முதுகுக்குப் பின்னால், ஊருக்கு அந்தப் பக்கம் எழும்புகிறது. கடல் இன்னும் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. "திரும்பி நிக்கணுமோ" என்று குழந்தை மாதிரி கேட்டார். முழங்கால் ஆழத்தில் தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டார்.

கோயில் குளமான கோடி தீர்த்தத்தின் கரையில் நடந்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளப் படியிறங்கிய அம்மாவிடம் ஓர் ஆள் வந்து ஒட்டிக்கொண்டார். தமிழும் இந்தியும் கலந்து, இவ்வளவு தூரம் வந்து சங்கல்பம் செய்யாமல் போனால் ஐயாவுக்கு ஆகாது என்றார். இரண்டாயிரம் என்று ஆரம்பித்து ஆயிரத்தைந்நூறுக்கு இறங்கினார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வேண்டாம் என்று நான் கறாராகச் சொன்ன பிறகும் வீதிவரை பின்னாலேயே வந்தார். பிழைத்து எழுந்தவருக்காக நன்றி சொல்ல வந்த ஒரு பொம்பளையிடம் அவர் உயிரைச் சொல்லியே பணம் கேட்பதா? இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

அம்மாவைத் தேற்றியது மகா கணபதிதான். இரண்டு கையோடு நின்ற கோலம். ஆத்மலிங்கத்தை இங்கேயே தரையில் வைத்துவிட்டார் என்ற கோபத்தில் ராவணன் குட்டிய குட்டில் உச்சந்தலையில் விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. அம்மா கொஞ்சநேரம் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அடி வாங்கியும் சாமியை விட்டுக்கொடுக்காம நிக்குது பாரு பிள்ளை" என்றாள்.

மூலவர் மகாபலேஸ்வரர் சந்நிதிக்கு வரிசையில் நின்றோம். திங்கட்கிழமை வேறு, விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. இடிக்கிறார்கள், குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குறுக்கே நுழைகிறார்கள். வயதானவர் நிற்கிறாரே என்று ஒருவர் நகரவேண்டுமே! ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அறுவைக்குப் பிறகு அப்பா வெளியிடத்தில் சட்டையைக் கழற்றியதே இல்லை, நம்மூர்க் கோயிலில்கூடத் துண்டைப் போர்த்திக்கொள்வார். இங்கே துண்டு இடுப்புக்கு வந்துவிட்டது. தொண்டைக் குழிக்குக் கீழே தொடங்கி மேல்வயிறு வரைக்கும் இறங்கும் அந்தத் தழும்பு எல்லோருக்கும் தெரிய நின்றார்.

கர்ப்பக்கிருகத்துக்குள்ளேயே விடுகிறார்கள். நம் பக்கத்தில் அர்த்தமண்டபத்துக்கு வெளியே நின்று தீபாராதனை வெளிச்சத்தில் எட்டி எட்டிப் பார்த்தே ஆயுள் போய்விடும். அறுபது வருஷமாக அப்பாவுக்கும் அதுதான். இங்கே லிங்கத்தின் பீடமான ஆவுடையார் தரையோடு தரையாக இருக்கிறது. நடுவில் ஒரு குழி. சுவாமி அதற்குள்ளே இருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை, மருந்து சாத்திப் புதுப்பிக்கும் அஷ்டபந்தனத்தின்போதுதான் முழுதாகக் காட்டுவார்களாம். மற்ற நாளில் குழிக்குள் கையை விட்டுத் தொட வேண்டியதுதான்.

அப்பாவால் குந்த முடியவில்லை. முட்டி மடங்கவில்லை. பின்னாலிருந்து "சலோ, சலோ" என்று குரல். தம்பி ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள, அப்பா மெல்ல ஒரு முட்டியை ஊன்றிக் கையை உள்ளே விட்டார். வில்வமும் பூவும் மிதக்கும் தண்ணீருக்குள் விரல்கள் தடவுகின்றன. கிடைக்கவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. அப்போதுதான் உள்ளே உட்கார்ந்திருந்த பூஜை செய்பவர் அப்பாவின் மார்புத் தழும்பைப் பார்த்தார். கன்னடத்தில் ஏதோ சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. ஒரு கையைத் தூக்கிப் பின்னால் நின்றவர்களை நிறுத்திவிட்டு, இன்னொரு கையால் அப்பாவின் முழங்கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்தினார்.

அப்பாவின் தோள் அப்படியே நின்றுவிட்டது. கண் மூடியிருந்தது. "சந்திரனும் தண்புனலும் சந்தித்தான் காண்" என்று ஆரம்பித்தார். பிரதோஷம் தவறாமல் மயூரநாதர் சந்நிதியில் ஒலிக்கும் குரல். அந்த ஒரு அடியோடு குரல் நின்றுபோனது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அரை நிமிஷம்கூட இருக்காது. அவ்வளவு கூட்டத்தில் அவருக்கென்று கிடைத்த அரை நிமிஷம். அடுத்து அம்மா, பிறகு நான். என் விரல் நுனியில் குளிர்ந்த கல் பட்டது. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை, சுவாமி. உனக்கு நன்றி. முழங்கையைப் பிடித்த அந்தப் புண்ணியவான் யாரென்று தெரியாது, அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். எங்கள் வீட்டு மனுஷரை எங்களுக்கே திருப்பிக் கொடுத்தாயே, அதற்கு என்ன செய்தாலும் தீராது.

தாம்ரகௌரி அம்மன் சந்நிதியில் அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்து அந்த ஒரு ரூபாயையும், கூட நூறையும் உண்டியலில் போட்டாள். வெளியே வந்து பிராகாரத் தூணில் சாய்ந்தபோதுதான் அப்பா பேசினார். "அவங்கள்லாம் ஞானக்கண்ணால பார்த்தவங்க பாப்பா. நமக்கு இந்தக் கைதானே."

மத்தியானம் ஓட்டலில் இலை போட்டாயிற்று. அப்பா வலது கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். "என்னங்க, சாப்பிடலையா?" என்று கேட்ட அம்மா, அந்தக் கையைப் பார்த்ததும் மேலே பேசவில்லை. தன் இலையிலேயே மோர்ச்சோறு பிசைந்து, நாலு பேர் பார்க்கிறார்களே என்றெல்லாம் நினைக்காமல், உருட்டி அவர் வாயில் ஊட்டினாள்.

சாயங்காலம் கடற்கரைக்கு வந்தோம். காலையில் முதுகுப் பக்கம் எழுந்த சூரியன் இப்போது கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டை போடாமல் துண்டோடே ஈர மணலில் உட்கார்ந்திருந்த அப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டு, காலையில் விட்ட இடத்திலிருந்தே இரண்டாவது அடியை எடுத்தார்.