முள் ஏறிய விரல்

நேற்று மாலை சுங்கை சிப்புட்டில், வீட்டுக்குப் பின்னால் விழுந்து கிடந்த செம்பனை மட்டையை இழுத்தபோது என் கட்டைவிரலில் முள் ஏறியது. முதலில் சுருக்கென்று ஒரு குத்து. ஒரு நொடி கழித்துத்தான் விண்விண்ணென்று வலித்தது. முதல் செய்தியைச் சுமக்கும் நரம்பிழைகள் விரைவானவை. இரண்டாவதைச் சுமக்கும் மெல்லிய இழைகளில் அது நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. அம்மா முள்ளை எடுத்துவிட்டு, விரலைச் சுற்றித் தைலம் தடவி அழுத்தித் தேய்த்ததும் வலி தணிந்தது. தேய்ப்பதால் எழும் தொடுவுணர்ச்சி, வலிச் செய்தி மூளைக்கு ஏறுமுன் தண்டுவடத்திலேயே அதை ஓரளவு மறிக்கிறது என்று 1965ஆம் ஆண்டில் மெல்சாக், வால் என்னும் இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அம்மாவோ எல்லாம் தைலத்தின் மகிமை என்கிறார். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று: இத்தனை வலியையும் உணர்த்தும் மூளைத் திசுவில் வலியை அறியும் நரம்பு முனைகளே கிடையாது.