ஆக்டேவில் பகடை உருட்டியதும் ராண்டுவைத் திருப்பிப் பார்த்ததும்

கணக்குப் போடுவதற்கான இலவச மென்பொருளான க்னூ ஆக்டேவில் கொஞ்ச நாளாகச் சமவாய்ப்பு முழு எண்களோடு விளையாடிக்கொண்டிருக்கிறேன். 1 முதல் 6 வரை பகடை எண் வேண்டுமென்றால் ராண்டி என்ற கட்டளை போதும், 60,000 உருட்டல் ஒரே வரியில் வந்துவிடும். ஆனால் ராண்ட் என்ற கட்டளை தரும் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட பின்னத்தை 5ஆல் பெருக்கி 1 கூட்டி ரவுண்ட் செய்யும் (அருகிலுள்ள முழு எண்ணாக்கும்) வழியும் பழைய நிரல்களில் கண்ணில் படுகிறதே என்று அதையும் ஓட்டினேன். 2, 3, 4, 5 தலா 12,000 சுமாருக்கு வர, 1ம் 6ம் ஏறத்தாழ 6,000தான். 2க்கு 1.5 முதல் 2.5 வரை முழு இடம், 1க்கோ 1 முதல் 1.5 வரை பாதி இடம், அவ்வளவுதான் விஷயம். 6ஆல் பெருக்கி, ஃப்ளோர் செய்து (பின்னத்தை வெட்டிவிட்டு), 1 கூட்டினால் சரியாகிவிடும்.

அதே எண்கள் திரும்ப வர வேண்டுமானால் ராண்ட் கட்டளைக்கு 'ஸ்டேட்' என்று சொல்லி ஓர் எண் கொடுக்க வேண்டும். 'சீட்' என்று கொடுத்தால் மெர்சென் ட்விஸ்டர் என்ற வழக்கமான ஆக்கியை (சமவாய்ப்பு எண்களை உண்டாக்கும் முறையை) விட்டுவிட்டுப் பழைய ஆக்கிக்குப் போய்விடும், கவனம்.

அப்புறம்தான் சுவாரசியம். 1960களில் ஐபிஎம் கணினிகளில் புழங்கிய ராண்டு (RANDU) என்ற ஆக்கியை நானே எழுதினேன்: முந்தைய எண்ணை 65539ஆல் பெருக்கி, 2இன் 31ஆம் அடுக்கால் வகுத்து மீதியை எடு. பெருக்கல் ஆக்டேவின் சாதாரண எண்களுக்குள் துல்லியமாக அடங்கிவிடுவதால் தனி வித்தை எதுவும் தேவையில்லை. 1இல் தொடங்கினால் 65539, 393225, 1769499 என்று போகிறது, எல்லாமே ஒற்றைப்படை! ஆனாலும் இதை வைத்துப் பகடை உருட்டி, எந்த எண் எத்தனை முறை வந்தது என்று பட்டைப் படம் போட்டால் ஆறு பட்டைகளும் சம உயரம், பார்த்தால் குறையே தெரியாது. அடுத்தடுத்த மூன்று எண்களை ஒரு புள்ளியாக வைத்து முப்பரிமாணப் படம் வரைந்து மவுஸால் மெதுவாகத் திருப்பினேன், ஒரு கோணத்தில் அத்தனை புள்ளியும் சட்டென்று 15 தளங்களில் வரிசைகட்டி நின்றுவிட்டன. எந்த எண்ணும் முந்தையதன் 6 மடங்கில் அதற்கும் முந்தையதன் 9 மடங்கைக் கழித்ததுதான் (மீதி எடுத்த பிறகு), பின்னே எப்படிச் சிதறும்? பட்டைப் படத்தை மட்டும் பார்த்து ஓர் ஆக்கியை நம்புவது வீண் என்பேன்.

பெருக்கியை 16807 ஆக்கி, வகுப்பதை 2147483647 ஆக்கினால் அந்தத் தளங்கள் காணாமல் போகின்றன. ஆனால் 10 லட்சம் எண்களை அடுத்தடுத்த ஜோடிகளாகப் போட்டு, கிடை அச்சில் 0 முதல் 0.001 வரை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள், 17 சாய்கோடுகள் பளிச்சென்று தெரியும்.