கடைசிக் குழாய்

சுகாதார ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. குளோரின் அளவை மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் குழாயிலேயே பார்த்துவிடுவேன். சோதனைக் குழலில் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், குளோரின் இருப்பதற்கு அடையாளமாக நல்ல மஞ்சள் வரும். பதிவேட்டில் 'சரி' என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவேன். கடைசித் தெரு வரை நடக்கச் சோம்பல், வேறென்ன.

அந்தக் கடைசித் தெருவில்தான் வயிற்றுப்போக்கு வந்தது. மூன்றே நாளில் 18 பேர். எல்லா வீட்டிலும் கழிப்பறை இருந்தது, தண்ணீரும் தெளிவாகத்தான் இருந்தது. அங்கே மருந்தை விட்டால் மஞ்சளே காணோம். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். முழுதும் தீர்ந்துபோயிருந்தால் வழியில் எங்கோ அழுக்கு கலக்கிறது என்றுதான் சந்தேகப்பட வேண்டும்.

"கண்ணாடி மாதிரி இருக்கே, இதிலயா சார் நோய் வருது?" என்று ஒரு பாட்டி சண்டைக்கே வந்துவிட்டார். அவர் வீட்டுத் தண்ணீரைச் சோதனை பாட்டிலில் பிடித்து, அவர் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தேன். மலத்தோடு சேர்ந்து வரும் கிருமிகள் இருந்தால் அவை ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும், தண்ணீர் கறுக்கும். மறுநாள் போனேன். மை கரைத்த மாதிரி இருந்தது பாட்டில். மூடியைத் திறந்து மோந்து பார்க்கப் போனவரைத் தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தோண்டிப் பார்த்தோம். சாக்கடையை ஒட்டிப் போன குழாயில் ஓர் இணைப்பு விட்டிருந்தது. தண்ணீர் ஓடும்போது அழுத்தம் இருப்பதால் அது வெளியே கசியும், அவ்வளவுதான். மோட்டாரை நிறுத்தியதும் அழுத்தம் விழுந்து, கசிந்த அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே போகும். மறுநாள் காலை முதலில் குடம் வைத்தவர் வீட்டுக்கு அது போய்ச் சேரும்.

1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா 600க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் ஏறக்குறைய இப்படித்தான். தெருமுனைப் பம்பின் மேல் விரல் நீட்டியவர் மருத்துவர் ஜான் ஸ்னோ. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார் கண்டுபிடித்த விஷயம். நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரைக் கிணற்றை ஒட்டியிருந்த கழிவுக் குழியில் ஊற்றியிருந்தார்கள். குழியின் செங்கற்கள் சிதைந்து, அது கிணற்றுக்குள் கசிந்திருந்தது. இன்றும் "பச்சைக் குழந்தையோடதுதானே" என்று வாசலில் கொட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தக் குழிதான் நினைவுக்கு வரும். பெரியவர்களுக்கு வரும் கிருமிதான் குழந்தைக்கும் வருகிறது.

மாட்டுச் சாணம் விஷயத்தில் எங்கள் ஆட்களே சாதிப்பார்கள், அதில் ஒன்றும் இல்லை என்று. கனடாவின் வாக்கர்டனில் 2000 மே மாதம் கனமழை பெய்தபோது, வயலில் போட்ட சாண உரத்திலிருந்து ஈகோலை கிருமி ஊர்க் கிணற்றுக்குள் இறங்கியது. குளோரின் சரிவரப் போடவில்லை, பதிவேட்டில் மட்டும் போட்டதாக இருந்தது. 7 பேர் இறந்தார்கள், 2,000க்கும் மேற்பட்டவர்கள் படுத்தார்கள். அந்தப் பதிவேட்டைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் 'சரி'களை நானே எண்ணிக்கொண்டிருந்தேன்.

எலி இன்னும் மோசம். அதன் சிறுநீர் கலந்த மழைநீரைக் குடிக்கக்கூட வேண்டாம், காலில் ஒரு சின்ன வெடிப்போடு அதில் நடந்தாலே எலிக்காய்ச்சல் வரலாம். கொக்கிப்புழுவுக்கு வெடிப்புகூடத் தேவையில்லை. மலம் கலந்த மண்ணில் இருக்கும் அதன் குஞ்சு நேரே தோலைத் துளைத்து ஏறிவிடும். கையைக் கழுவு, கழுவு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நான், அப்புறம்தான் செருப்பையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

இணைப்பை மாற்றிய பிறகு கடைசித் தெருவிலிருந்துதான் சோதனையைத் தொடங்குகிறேன். பாட்டி வாசலிலேயே நிற்பார். போன வாரம் சோதனைக் குழலை என் கையிலிருந்து வாங்கி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நேத்து இன்னும் கொஞ்சம் மஞ்சளா இருந்துச்சே சார்?"

மோட்டார் அறைக்கு நடந்தேன்.