கடவுளுக்கு நன்றி சொல்லிப்போட்டு விடு

அன்றைக்கு வாட்டில், புதிதாக வந்த தாதிப் பிள்ளையிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "கடவுளுக்கு நன்றி சொல்லிப்போட்டு விடு பிள்ளை. ஒண்டும் நடக்கேல்லைத்தானே." மனதாரத்தான் சொன்னேன். நாலு மாதமாகிறது, அந்தச் சொல் இன்னும் என்னை விடவில்லை.

பின்னேர டியூட்டி முடிய ஒரு மணித்தியாலம் இருந்தது. ஐயா ஒருவருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முதல் போடுகிற இன்சுலின், மிக்ஸ்டாட் 20 யூனிற். அவள் ஊசியோடு கட்டிலடிக்குப் போக, எதிரே வந்த என் கண்ணில் ஊசிக்குள் இருந்த மருந்து பட்டது. கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. மிக்ஸ்டாட் அப்படி இராது. குப்பியை உள்ளங்கையில் உருட்டி எடுத்தால் கஞ்சித்தண்ணி மாதிரிக் கலங்கல். அதில் நூற்றுக்கு 30 பங்குதான் சொலுபிள் என்கிற கெதியாக வேலை செய்கிற இன்சுலின், மிச்சம் 70 பங்கு ஆறுதலாக வேலை செய்கிற இன்சுலின். அவள் எடுத்திருந்தது முழுக்கச் சொலுபிள். அரை மணித்தியாலத்தில் வேலையைத் தொடங்கி, இரண்டு மூன்று மணித்தியாலத்தில் உச்சத்துக்குப் போகும். இரவு எட்டு ஒன்பது மணிக்கு ஐயாவின் சீனி எந்த அளவுக்கு இறங்கியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கை குளிர்கிறது.

கையைப் பிடித்து நிறுத்தினேன். "என்ன பிள்ளையள், இண்டைக்கு ஊசி இல்லையோ?" என்று ஐயா கேட்டார். "இருக்கு ஐயா, இந்தா வாறம்."

பிறிட்ஜடியில் வைத்து அவள் கேட்டாள், "அக்கா, இதை மேலிடத்துக்கு எழுதிக் குடுக்கட்டோ?" அவள்தான் கேட்டாள். வேலைக்கு வந்து மூன்று கிழமை ஆகாத பிள்ளை, பயந்து வெளிறிப்போய் நின்றும் கேட்டாள். அதற்குத்தான் என்னுடைய அந்தப் பதில்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. எழுதினால் காரணத்தைத் தேடமாட்டார்கள், ஆளைத்தான் தேடுவார்கள், வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். தொடக்கத்திலேயே பெயர் கெட்டால் அந்தப் பிள்ளை எழும்பமாட்டாள். ஊசியும் போடப்படவில்லை. இதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் எழுதியிருந்தால் என் பெயரும் அந்தத் தாளில் வந்திருக்கும், டியூட்டியில் மூத்தவள் நான். இதை அன்றைக்கு நான் நினைக்கவில்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது.

வீட்டுக்குப் போகிற வழியில் பாசையூர் அந்தோனியார் கோயிலடியில் இறங்கி மெழுகுதிரி கொளுத்தினேன். மனம் அமைதியாக இருந்தது, கண்ணீர் வருமளவுக்கு நன்றி இருந்தது. அந்த அமைதியைத்தான் இப்போது சந்தேகிக்கிறேன். படுக்க முதல் அன்றைய நாளைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு, புனித இஞ்ஞாசியார் சொல்லித்தந்த ஐந்து படி: நன்றி, ஒளி கேட்டல், அன்றைய நாளை ஆராய்தல், மன்னிப்பு, திருத்தம். நன்றி முதற்படி மட்டும்தான். நான் அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன், ஒரு நாளல்ல, கிழமைக்கணக்காக. பைபிளில் பவுலும் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில், எல்லாவற்றிலும் நன்றி சொல்லுங்கள் என்று 18ஆம் வசனத்தில் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் ஆராய்ந்து பாருங்கள் என்று 21இல் சொல்கிறார். இடையில் இரண்டே வசனம்.

தியானங்களில் தெளிந்து தேர்தல், அதாவது மனதில் வருவது நல்ல ஆவியா கெட்ட ஆவியா என்று பிரித்தறிதல், பற்றிச் சுவாமிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்வழியில் வளர்கிறவருக்கு நல்ல ஆவி பஞ்சில் விழுகிற துளி மாதிரிச் சத்தமில்லாமல் வரும், கெட்டது கல்லில் விழுகிற துளி மாதிரிச் சத்தத்தோடு வரும். ஆனால் வழி தவறிப் போகிறவருக்கு இது அப்படியே மாறி நடக்கும் என்றும் இஞ்ஞாசியார் எழுதியிருக்கிறார். அங்கேதான் நான் நிற்கிறேன். அன்றைக்கு எனக்குள் சத்தமே இல்லை. நான் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்?

இவ்வளவும் யோசிக்க வைத்தது போன மாதம் கேட்ட ஒரு கதை. இன்னொரு புதுப் பிள்ளை ஏதோ மருந்து மாறி எடுத்து, கடைசி நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறாள். "ஒண்டும் நடக்கேல்லைத்தானே, கடவுளுக்கு நன்றி சொல்லிப்போட்டு விடு," என்று, அன்றைக்கு நான் ஆறுதல் சொன்ன அதே பிள்ளை அவளுக்குச் சொல்கிறாள். என்னுடைய அதே குரல், அதே ஆறுதல். நான் திரைக்கு இந்தப்பக்கம் நின்றேன், போய்க் கதைக்கவில்லை.

கதைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? நன்றி சொல்லாதே என்றா? ஐயா சுகமாகி வீட்டுக்குப் போனார், அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன், சொல்லத்தான் வேண்டும். இரண்டு குப்பியும் பிறிட்ஜில் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததுதான் பிழைக்குக் காரணம், அதை அன்றைக்கே எழுதியிருக்கலாம் என்றும் தெரிகிறது.

போன கிழமை நானே சொலுபிளை மேல் தட்டுக்கு மாற்றி, பெட்டியில் சிவப்பு பிளாஸ்ரர் ஒட்டிப் பெயரும் எழுதினேன். ஒருவருக்கும் ஏன் என்று சொல்லவில்லை. மற்ற நாள் காலையில் பிறிட்ஜைத் திறந்தால், யாரோ ஒழுங்குபடுத்தி, இரண்டையும் பழையபடி ஒரே தட்டில் வைத்திருந்தார்கள்.