பாஸ்வேர்டே தெரியாமல் ஒரு ஜிப்பைத் திறந்தது

சிடிஎஃப் போட்டியில், அதாவது ஒளித்து வைத்த ‘ஃபிளாக்’ என்ற ரகசிய வரியைக் கண்டுபிடிக்கும் ஹேக்கிங் போட்டியில், பூட்டிய ஜிப் ஃபைலைக் கொடுத்தால் முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஜிப்2ஜான் கருவியில் ஹாஷ் (ஊகித்த பாஸ்வேர்டு சரியா என்று பார்க்க உதவும் குறியீடு) எடுத்து, பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் ஜான் த ரிப்பரிடம் ராக்யூ பட்டியலைக் கொடுத்தேன். 2009இல் கசிந்த பாஸ்வேர்டுகள், 1.4 கோடிக்கும் மேல் இருக்கும். டீ ஆறுவதற்குள் பட்டியல் தீர்ந்துவிட்டது, ஒன்றும் பொருந்தவில்லை. ராக்யூவில் இல்லையென்றால் கேள்வி போட்டவர் வேறு வழி வைத்திருக்கிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

சரி என்று, பழைய ஜிப் பூட்டை உடைக்கும் பிகேகிராக் கருவியில் ஜிப்பின் உள்ளடக்கத்தைப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். சாதாரண ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயரும் அளவும் மறையாது, அது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு பிஎன்ஜி லோகோ, ஒரு ஃபிளாக் டெக்ஸ்ட் ஃபைல். என்கிரிப்ஷன் என்ற இடத்தில் ஜிப்கிரிப்டோ, கம்ப்ரெஷனில் ஸ்டோர். இந்த இரண்டையும் பார்த்ததுமே பாதி வேலை முடிந்தது.

ஜிப்கிரிப்டோ, ஜிப்பைப் பூட்டும் பழைய முறை. பிஹாம், கோச்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994லேயே அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். அவர்கள் வழியில் ஓடும் பிகேகிராக்குக்கு, பூட்டிய ஃபைலுக்குள் இருப்பதில் 12 பைட் நமக்குத் தெரிந்தால் போதும், அதில் 8 பைட்டாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பிஎன்ஜி படத்துக்கோ முதல் 16 பைட் எப்போதும் ஒன்றுதான். 8 பைட் அடையாளம், அடுத்த 4 பைட்டில் 13 என்ற எண், அப்புறம் ஐஎச்டிஆர் என்ற 4 எழுத்து. கம்ப்ரெஸ் செய்யாமல் ஸ்டோர் என்று வைத்திருப்பதால் அந்த 16 பைட்டும் அப்படியே உள்ளே இருக்கும். டிஃப்ளேட் முறையில் சுருக்கியிருந்தால் உருமாறிப் போயிருக்கும், இந்த வழி எடுபட்டிருக்காது.

என் கணினியிலிருந்த ஏதோ ஒரு பிஎன்ஜியின் தலையை, அதாவது அந்த 16 பைட்டை, வெட்டித் தனி ஃபைலாக்கி, லோகோவுக்கு எதிராக பிகேகிராக்கை ஓட்டினேன். தெரிந்த பைட் குறைவு என்பதால் மெதுவாகத்தான் நகர்ந்தது, ஃபேன் கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் மூன்று 32 பிட் சாவிகள் வந்தன. ஒரே பாஸ்வேர்டில் பூட்டிய எல்லா ஃபைல்களுக்கும் இதே சாவிகள்தான், அதனால் அதே கருவியிலேயே நான் விரும்பிய பாஸ்வேர்டில் புது ஜிப்பாக எழுதித் திறந்தேன். ஃபிளாக் கிடைத்தது. அசல் பாஸ்வேர்டு என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பட்டியலில் என்கிரிப்ஷன் இடத்தில் ஏஇஎஸ் என்ற வலுவான முறை வந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள். பாஸ்வேர்டை ஊகித்துப் பார்ப்பதும் மெதுவாகத்தான் நகரும்: ஒவ்வொரு ஊகத்துக்கும் 1000 சுற்றுக் கணக்கு ஓடும், 7இசட் வகை ஃபைல் இன்னும் மோசம். கேள்வியில் எங்காவது பாஸ்வேர்டுக்குக் குறிப்பு ஒளித்திருப்பார்கள், அதைத் தேடுங்கள்.