அம்மா வீட்டு ரூட்டரில் ஒரு போர்ட் திறந்த அனுபவம்

அம்மா சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கிறார். பால்மரம் வெட்டிய காலமெல்லாம் லயத்து வீடு; இப்போது சொந்தமாக ஒரு சின்ன வீடு, பின்னால் செம்பனை. எனக்கு ஜொகூர் பாருவில் வேலை. போன வருடம் அம்மா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டு அக்கா வரும்வரை எழ முடியாமல் கிடந்தார். அதன் பிறகுதான் கூடத்திலும் சமையல்கட்டிலும் கேமரா மாட்டினேன். அம்மா நடமாடும் படம் யாரோ ஒருவருடைய சர்வர் வழியாகப் போவதில் எனக்கு விருப்பமில்லை. அதனால் கேமராப் படத்தைப் பதிவு செய்யும் வீட்டு ரெக்கார்டரையே நேராகத் தொட வேண்டும் என்று போர்ட் பார்வர்டிங்கில் இறங்கினேன்.

விஷயம் இதுதான். வீட்டுக்குள் டிவி, கைப்பேசி, ரெக்கார்டர் எல்லாவற்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள் முகவரி. வெளியிலிருந்து யாராவது தட்டினால் எந்தப் பெட்டிக்கு அனுப்புவது என்று ரூட்டருக்குத் தெரியாது. போர்ட் என்பது வாசல் எண் மாதிரி. இந்த எண்ணுக்கு வந்தால் இந்தப் பெட்டிக்கு விடு என்று நாம் ஒரு விதி எழுதி வைக்க வேண்டும். அதுதான் போர்ட் பார்வர்டிங்.

தீபாவளி விடுப்பில் உட்கார்ந்தேன். ரூட்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்து உள்ளே நுழைந்து அந்த விதியை எழுதினேன். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் சோதித்தேன். ஒன்றும் வரவில்லை. (வீட்டு வைஃபையில் இருந்தபடியே சோதிக்காதீர்கள், பல ரூட்டர்களில் அது தப்பான பதிலைத் தரும்.) மறுநாள் சாயங்காலம் இடி மின்னலில் கரண்ட் போய் வந்தது. பார்த்தால் ரெக்கார்டரின் உள் முகவரி 105இலிருந்து 108ஆக மாறியிருந்தது. அதன் மேக் முகவரியை, அதாவது பெட்டிக்கென்றே உள்ள அடையாள எண்ணைப் பிடித்து, உள் முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி பக்கத்தில் ஒரே எண்ணில் நிறுத்தி வைத்தேன். அப்போதும் வரவில்லை.

மூன்றாம் நாள்தான் ரூட்டரின் வேன் முகவரியை, அதாவது வெளிப்பக்கத்து முகவரியைக் கவனித்தேன். 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், இணையச் சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. சிஜிநாட் என்பார்கள். அப்படியென்றால் என் ரூட்டர் கடைசிக் கதவே இல்லை. வெளியே நிறுவனத்திடம் இன்னொரு கதவு இருக்கிறது, அதன் சாவி என்னிடம் இல்லை. நான் எத்தனை விதி எழுதினாலும் அது திறக்காது.

இதைச் செய்யப் போகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். ரூட்டர் காட்டும் வேன் முகவரியும், என் ஐபி என்ன என்று இணையத்தில் தேடினால் வரும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டபோது முதலில் பேசியவர் ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார். இரண்டாவதாகப் பேசிய தம்பிக்கு பப்ளிக் ஐபி, அதாவது யாரோடும் பகிராத பொது முகவரி வேண்டும் என்றதும் புரிந்தது. மறுநாள் காலை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். உங்களுக்குக் கிடைக்காவிட்டால் டெயில்ஸ்கேல் என்ற தனி இணைப்புச் செயலி இருக்கிறது, அதற்குப் போர்ட் திறக்கவே வேண்டாம்.

படம் வந்தது. ஆனால் அன்று இரவே ரெக்கார்டரின் பதிவேட்டில் முன்பின் தெரியாத முகவரிகள் பாஸ்வேர்ட் போட்டுப் பார்த்திருந்தன. கை நடுங்கிவிட்டது. 2016இல் மிராய் என்ற நிரல் பிடித்துக்கொண்டதும் இப்படிப்பட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும்தான், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாதவர்களுடையதை. உடனே அந்த விதியை அழித்தேன். பெட்டிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி வசதியையும் அணைத்தேன். ராஸ்பெரி பை என்ற பழைய குட்டிக் கணினி ஒன்றில், வெளியிலிருந்து பூட்டிய சுரங்கம் போல வீட்டுக்குள் வர விடும் வயர்கார்டு என்ற விபிஎன் நிரலைப் போட்டு, 51820 என்ற யுடிபி போர்ட்டை மட்டும் அதற்குத் திறந்தேன். சரியான சாவி இல்லாமல் தட்டினால் வயர்கார்டு பதிலே சொல்லாது. அங்கே ஆள் இருப்பதே தெரியாது. பொது முகவரி அவ்வப்போது மாறும் என்பதால் முகவரி மாறினாலும் வீட்டைக் காட்டும் ஒரு டிடிஎன்எஸ் பெயரும் வைத்தேன்.

திரும்பும் பேருந்து தாப்பாவைத் தாண்டும்போது திறந்து பார்த்தேன். அம்மா அடுப்பருகில் நின்றிருந்தார். போன் போட்டேன். கேமராவை நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த அகப்பையை ஆட்டினார்.

"தெரியுதாம்மா?"

"தெரியுதும்மா. அடுப்பைச் சின்னதா வைங்க, பொங்குது."